நிரல் மாறவில்லையே என்பவர்களுக்கு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் யூனிட் டெஸ்டுகள் தானாக ஓடுகின்றன. பச்சை விழுந்தால் நிரல் சரி, சிவப்பு விழுந்தால் திருத்த வேண்டும். அதற்குமேல், ராத்திரி இத்தனை மணிக்கு என்று கிளவுடில் நேரம் குறித்து அதே டெஸ்டுகளை மறுபடியும் ஓட்டுவது நேரத்துக்கும் காசுக்கும் கேடு என்பது அவர்கள் கட்சி. "கோடு மாறலையே அண்ணே, ரிசல்ட் மட்டும் எப்படி மாறும்?" என்று நேற்று வேலைக்குச் சேர்ந்த தம்பியும் கேட்கிறார். தலை நரைத்த மேலாளரும் அதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்கிறார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே நிரல், ஒரே உள்ளீடு, ஒரே விடை. யூனிட் டெஸ்ட் என்றாலே வெளியுலகத்தின் வாடை படாமல் ஒரு சின்னத் துண்டை மட்டும் சோதிப்பது என்று பாடப்புத்தகமும் சொல்கிறது. வெளியுலகம் உள்ளே வராதபோது அது மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? இதை மறுத்துப் பேசுகிறவர்களைப் பழைய காலத்து ஆள் என்று ஒதுக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒதுக்கினாலும் பரவாயில்லை. இந்த வாதம் பினாங்கின் கடிகாரத்துக்கு முன்னாலேயே நிற்காது என்பதை முதலில் காட்டிவிடுகிறேன்.

கிளவுட் எந்திரங்கள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலக நேரத்தில்தான் ஓடுகின்றன. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 9 மணிக்கு அலுவலகம் வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிற ஒருவர் அனுப்பும் கமிட்டெல்லாம் யூடிசியில் பின்னிரவு 1 மணிக்கும் காலை 10 மணிக்கும் இடையில் விழும். அந்த நேரம் முழுக்க இங்கேயும் அங்கேயும் ஒரே தேதி. இங்கே நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 8 மணி வரை மட்டும்தான் இரண்டும் பிரிகின்றன. நமக்குப் புது நாள் பிறந்துவிட்டிருக்கும், எந்திரத்துக்கு இன்னும் நேற்றுதான். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இப்படிப் போகிறது. அந்தப் பங்கில் பினாங்கில் எவரும் கமிட் செய்வதில்லை, ஆகவே எந்த டெஸ்டும் ஓடுவதில்லை.

இந்த ஊரில் ராத்திரி 2 மணிக்கும் நாசி கண்டார் கடையில் வரிசை நிற்கும். அப்படி 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பில்லுக்குத் தேதி குறிக்கும் வரியில், எழுதியவர் எந்திரம் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துவிட்டார். டெஸ்ட் எழுதியவர் ஒழுங்கானவர், மலேசிய நேரப்படி இன்றைய தேதியைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறார். பகல் முழுக்க இரண்டும் பொருந்தும். நூறு கமிட் போனாலும் நூறும் பச்சைதான். கடையில் மட்டும் நள்ளிரவுக்குப் பின் விற்ற கறியும் சோறும் முந்தின நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். கல்லாவில் இருக்கிற காசுக்கும் கணக்குக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்று கடைக்காரர் பையனைத் திட்டிக்கொண்டிருப்பார். பின்னிரவு 2 மணிக்கு ஒரே ஒரு தடவை அந்த டெஸ்டை ஓட்டியிருந்தால் அன்றைக்கே சிவப்பு விழுந்திருக்கும். நிரலில் ஒரு எழுத்தும் மாறியிருக்க வேண்டியதில்லை.

தேதி ஒரு நாள் தள்ளிப்போனால் பெரிய குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். 2024 மார்ச் 1 அன்று சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. உணவுக்கு 6 விழுக்காடே நீடித்ததால் நாசி கண்டார் கடைக்காரர் தப்பித்தார். தங்கும் விடுதிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு விடுதியின் முகப்பில் அன்று பின்னிரவு 2 மணிக்கு வந்து அறை கேட்டவருக்கு, இதே பிழையுள்ள மென்பொருள் பிப்ரவரி 29 என்று தேதி போட்டு 6 விழுக்காடு வரி கணக்கிட்டிருக்கும். ஜிஎஸ்டி 2015 ஏப்ரல் 1 அன்று வந்தது, 2018 ஜூன் 1 அன்று சுழியத்துக்கு இறங்கியது, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. இந்த நாட்டில் பத்தாண்டுக்குள் நான்கு நள்ளிரவுகளில் பில்லின் விடை மாறியிருக்கிறது. வரி அட்டவணையை முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தால், அந்த நள்ளிரவுகளில் ஒரு கமிட்கூட இல்லாமல் மாறியிருக்கும்.

இங்கே தூய்மைவாதிகள் குறுக்கிடுவார்கள். நேரத்தை நிரலுக்குள் நேரடியாக எடுத்ததே தப்பு, கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்து, டெஸ்டில் அதை உறைய வைத்திருக்க வேண்டும், அப்படிச் செய்யாதது யூனிட் டெஸ்டே அல்ல என்பார்கள். சரி, செய்ய வேண்டியதுதான். நானும் அப்படித்தான் எழுதச் சொல்வேன். ஆனால் உறைய வைத்த கடிகாரத்தில் எந்த நேரத்தை வைப்பது என்று தீர்மானிப்பவர் யார்? பின்னிரவு 2 மணி ஆபத்தானது என்று தெரிந்தவர்தான் அதை வைப்பார். தெரியாதவர் மதியம் 12 மணியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். எழுதியவருக்குத் தோன்றியதை மட்டுமே உறைந்த டெஸ்ட் சோதிக்கும். தோன்றாததைச் சோதிக்க நிஜக் கடிகாரம் வேண்டும். எல்லாரும் ஒழுங்காக எழுதினால் இது தேவையில்லை என்பது, எல்லாரும் ஒழுங்காக எழுதினால் டெஸ்டே தேவையில்லை என்பதற்குப் பக்கத்து வீடு.

நேரம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடலாம். தீபகற்ப மலேசியா 1981 வரை யூடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குக் கடிகாரம் அரை மணி நேரம் தாண்டிக் குதித்து 1982-இல் இறங்கியது. கணினிகளெல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் இந்தக் குதிப்பை நெடுங்காலம் நள்ளிரவு 12 மணிக்கு நடந்ததாகவே வைத்திருந்தது, பிறகுதான் திருத்தினார்கள். 2022-இல் கோலாலம்பூருக்கு இருந்த தனிப் பதிவையும் சிங்கப்பூர் பதிவோடு சேர்த்துவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி, நம் நிரலைத் தொடாமலே, ஒரு புதுப்பிப்பில் மாறிவிடுகிறது. பிறந்த தேதியை நேரத்தோடு சேமித்து வைத்திருக்கும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் காப்புறுதிக் கணக்குகளையும் கையாளுகிறவர்களுக்கு இது வேடிக்கைத் துணுக்கு அல்ல.

பினாங்குக்காரர்களிடம் இந்த வாதத்தைச் செய்ய வேண்டியிருப்பதுதான் எனக்கு வியப்பு. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இன்டெல் அதே ஆண்டு இங்கே போட்டது. எச்பி, பாஷ், ஹிட்டாச்சி என்று வரிசையாக வந்தார்கள். இந்தத் தீவு அரை நூற்றாண்டாகச் சோறு தின்பது சிப்பைப் பொட்டலமாக்குவதிலும் சோதிப்பதிலும்தான். செபராங் பிறைத் தோட்டப்புறங்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்து ஷிப்டு பார்த்த நம் பெண்களுக்கு, சோதனை என்றால் என்ன என்று எந்த மென்பொருள் நூலும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்தச் சோதனைக் கூடத்தில் கோல்டன் யூனிட் என்று ஒன்று இருக்கும். அதன் ஒவ்வொரு அளவும் முன்பே தெரிந்து, பதிந்து, பூட்டி வைக்கப்பட்ட சிப் அது. ஷிப்டு தொடங்கும்போதோ, ஒரு லோட் மாறும்போதோ அதை எடுத்து டெஸ்டரில் வைத்து ஓட்டுவார்கள். காட்டுகிற அளவுகள் பதிவேட்டில் இருக்கும் அளவுகளோடு குறிப்பிட்ட எல்லைக்குள் ஒத்துவர வேண்டும். சிப் நேற்று இருந்ததேதான், சோதனை நிரலும் நேற்று ஓடியதேதான். ஆனால் சாக்கெட்டின் ஊசிமுனைகள் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தப்பட்டுத் தேய்ந்திருக்கும், முனையில் ஈயப்பற்று படிந்து மின்தடை ஏறியிருக்கும், டெஸ்டரின் அளவீடு சற்றே நகர்ந்திருக்கும். கோல்டன் யூனிட் பிசகினால் லைன் நிற்கும். காரணம் தெரியும்வரை அந்த டெஸ்டர் சொல்லும் பாஸுக்கும் மதிப்பில்லை, ஃபெயிலுக்கும் மதிப்பில்லை. அங்கே போய் "சிப் மாறலையே, எதுக்கு மறுபடி ஓட்டுறீங்க?" என்று ஒருவர் கேட்டால், அவரைப் பயிற்சி வகுப்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் மென்பொருள் அலுவலகத்தில் அதே கேள்வியைக் கேட்பவர் சிக்கனக்காரர் என்று பெயர் வாங்குகிறார்.

மாறாத ஒன்றைச் சோதிப்பதன் பயனே அது மாறவில்லை என்பதில்தான் இருக்கிறது. கமிட்டோடு ஓடும் டெஸ்ட் சிவந்தால் இரண்டு பேர் மேல் சந்தேகம் வரும். நான் எழுதிய வரியா, சுற்றியிருக்கும் உலகமா? ராத்திரி ஓட்டத்தில் நிரல் நேற்றையதே. ஆகவே சிவந்தால் உலகம் மாறியிருக்கிறது, அல்லது டெஸ்டே தள்ளாடுகிறது. நிரல் மாறவில்லை என்பதை எதிர்க்கட்சி தன் வாதமாக நீட்டுகிறது. எனக்கு அது ஆய்வின் நிபந்தனை.

உலகம் எப்படி மாறும் என்கிறீர்களா? சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்பையெல்லாம் லாக் கோப்பில் பூட்டிவிட்டோம் என்பார்கள். டெஸ்ட் ஓடும் எந்திரத்தை யார் பூட்டினார்கள்? கிட்ஹப்பில் பெரும்பாலோர் எழுதி வைத்திருப்பது 'உபுண்டு, கடைசிப் பதிப்பு' என்றுதான். அந்தக் கடைசிப் பதிப்பு 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் இடையில் 22.04-லிருந்து 24.04-க்குப் படிப்படியாக மாற்றப்பட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குப் பின்பலமாக நின்ற பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்திருந்த எந்திரங்கள் அதுவரை பேசிக்கொண்டிருந்த தளங்களோடு பேச மறுத்தன. நூலகங்களை இறக்குமிடத்திலேயே கதவு சாத்தினால் யூனிட் டெஸ்டின் தூய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இது எப்போது வலிக்கும் என்றால், மாதக்கணக்கில் தொடாத நிரலை அவசரமாகத் திறக்கும்போது. மின் விலைப்பட்டியல் முறையை வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1-லிருந்து கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் முதலில், சிறியவை பிறகு. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் சீண்டாமல் விட்டிருந்த எத்தனையோ கணக்கு மென்பொருள்களை அதற்காகத் தூசு தட்ட வேண்டிவந்தது. அப்படி ஒரு பழைய நிரலில் ஒரு வரி சேர்த்து அனுப்புகிறீர்கள். சம்பந்தமே இல்லாத நாற்பது டெஸ்ட் சிவக்கிறது. வாடிக்கையாளர் தொலைபேசியில் காத்திருக்கிறார். உங்கள் வரியால் வந்ததா, மூன்று மாதத்துக்கு முன்பே கெட்டுக் கிடந்ததா? ராத்திரி ஓட்டம் இருந்திருந்தால் எந்தத் தேதியில் முதலில் சிவந்தது என்று பார்த்து, அந்த வாரம் உலகத்தில் என்ன நடந்தது என்று தேடியிருக்கலாம். இல்லாவிட்டால் மூன்று மாத வரலாற்றை ஒரு மாலைக்குள் தோண்ட வேண்டும்.

தள்ளாடும் டெஸ்டுகள் பற்றி ஒரு கணக்கு. கூகுள் பொறியாளர்கள் 2016-இல் எழுதியதன்படி அவர்களுடைய டெஸ்டுகளில் கிட்டத்தட்ட 16 விழுக்காட்டுக்கு ஏதோ ஓர் அளவு தள்ளாட்டம் இருந்தது. ஐம்பதில் ஒரு தடவை காரணமின்றிச் சிவக்கும் டெஸ்ட் ஒன்று உங்களிடம் இருந்தால், மாதம் இரண்டு கமிட் போகும் நிரலில் அது எப்போது மாட்டும்? தினமும் ஓட்டினால் ஒரே மாதத்தில் மாட்ட 45 விழுக்காடு வாய்ப்பு உண்டு, நூறு ராத்திரியில் 87. கமிட் நேரத்தில் மாட்டினாலும் என்ன நடக்கும் என்று தெரிந்ததுதான். மறுபடி ஓட்டு என்ற பொத்தானை அமுக்குவார்கள், பச்சையாகும், மறந்துவிடுவார்கள்.

இனி வரலாற்று வாதம். அந்தக் காலத்தில் எந்திரம் மெதுவாக இருந்தது, பகலில் ஓட்ட முடியவில்லை, அதனால் ராத்திரியில் ஓட்டினார்கள். இப்போது எந்த நொடியிலும் கிளவுடில் எந்திரம் கிடைக்கிறது, பழைய பழக்கம் எதற்கு? இதில் பாதி உண்மை. ஸ்டீவ் மெக்கானல் தினசரி பில்டைப் பற்றி 1996-இல் எழுதிய காலத்தில் ஒரு நாளுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதே பெரிய ஒழுக்கம். 2001-இல் குரூஸ் கன்ட்ரோல் என்னும் கருவி வந்த பிறகுதான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுவது பரவியது. அன்று ராத்திரியில் ஓட்டியதற்குப் பஞ்சம் காரணம் என்பதால், இன்று ஓட்டுவதற்கு வேறு காரணமே இருக்க முடியாது என்றாகிவிடாது. அன்றைய நிரலின் பெரும்பகுதி எழுதியவர் கையிலேயே இருந்தது. இன்றைக்கு நாம் எழுதும் பத்து வரிக்குக் கீழே பிறர் எழுதிய பத்தாயிரம் வரி ஓடுகிறது. அது நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை.

காசு வாதத்துக்கு ஒரு வரி போதும். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள். 8 நிமிடம் எடுக்கும் டெஸ்டுத் தொகுப்பை 30 ராத்திரி ஓட்டினால் 240 நிமிடம். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

எதிர்க்கட்சியில் எனக்கு மரியாதை உள்ள ஒரே வாதம், யாரும் பார்ப்பதில்லை என்பது. உண்மை. ராத்திரி ஓட்டம் அமைத்த பல இடங்களில் அது பதினைந்து பேருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது, பதினைந்து பேரும் அதைத் தனிக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அமைப்பதிலும் அலட்சியம். '0 0 * * *' என்று நள்ளிரவு குறித்ததாக நினைக்கிறார்கள். அது யூடிசி நள்ளிரவு, அதாவது நமக்குக் காலை 8 மணி, பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம். நான் மேலே சொன்ன தேதிப் பிரிவு சரியாக அந்த மணியில்தான் முடிகிறது. ஆகப் பயன் போச்சு. போதாததற்கு, முழு மணிக்கு உலகமே குறித்து வைத்திருப்பதால் வரிசை நீண்டு ஓட்டம் தாமதமாகும், சில சமயம் கைவிடவும்படும் என்று கிட்ஹப்பே எச்சரிக்கிறது. வேறு சிலர் யோசித்து யூடிசி 18 மணி என்று போட்டு, வேலை நாள் என்பதற்காக 1-5 என்று எழுதுவார்கள். நமக்கு அது செவ்வாய் முதல் சனி வரை. திங்கள் விடியலில் ஓடாது. வார இறுதியில் மாறிய எதுவும் திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது தெரிந்திருக்காது. '17 18 * * 0-4' என்று எழுதினால் திங்கள் முதல் வெள்ளி வரை பின்னிரவு 2.17 மணிக்கு ஓடும். இதெல்லாம் கவனக்குறைவுக்கு எதிரான வாதங்கள். ராத்திரி ஓட்டத்துக்கு எதிராக இவற்றை நீட்டுவது வசதியான குழப்பம்.

அமைப்பதென்றால் இன்னும் ஒரு படி போகச் சொல்வேன். 2012 பிப்ரவரி 29 அன்று, பினாங்கில் காலை 8 மணி, மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுட் உலகெங்கும் தடுமாறத் தொடங்கியது. ஓராண்டுச் சான்றிதழ் உருவாக்கும் நிரல், அன்றைய தேதியில் ஆண்டோடு மட்டும் 1 கூட்டி 2013 பிப்ரவரி 29 என்று எழுதியது. அப்படி ஒரு நாளே இல்லை. அன்று ராத்திரி டெஸ்ட் ஓட்டியிருந்தாலும் கிளவுடோடு சேர்ந்துதான் விழுந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ராத்திரி இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். ஒன்று நிஜக் கடிகாரத்தில். இன்னொன்று, எந்திரத்தின் கடிகாரத்தை 40 நாள் முன்னால் தள்ளி வைத்து. லீப் நாள் ஜனவரியிலேயே சிவக்கும். விடுமுறை அட்டவணை டிசம்பர் 31-உடன் முடிவது நவம்பரிலேயே தெரியும். அந்த அட்டவணை இங்கே ஆண்டுக்கு ஆண்டு கையால் ஏற்றப்படுவது. தைப்பூசமும் தீபாவளியும் நகரும், நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்த்து அறிவிப்பார்கள். அடுத்த வேலை நாள் எது என்று கேட்கும் சம்பளக் கணக்கு, அட்டவணை தீர்ந்தபின் தைப்பூசம் என்றைக்கு என்றே தெரியாமல் விழிக்கும்.

கடைசியாக ஒரு நுணுக்கம். பொதுவில் திறந்து வைத்த நிரல் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால், நேரம் குறித்த ஓட்டங்களைக் கிட்ஹப் தானாகவே நிறுத்திவிடுகிறது. கோடு மாறவில்லை என்ற அதே நம்பிக்கையைத் தளத்தின் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் தொடாத நிரலுக்குத்தான் இந்த ஓட்டம் அதிகம் தேவை, அதற்குத்தான் முதலில் நிற்கிறது. எனவே சிவப்பு வந்தால் சேதி அனுப்பு என்று மட்டும் வைக்காதீர்கள். ஓடி முடிந்தது என்ற சேதி காலை 8.30 மணிக்குள் வந்து சேராவிட்டால், அந்த வாரத்துக்குப் பொறுப்பானவர் என்று பெயர் குறித்து வைத்த ஒரே ஒருவருக்குத் தொலைபேசி அடிக்கும்படி வையுங்கள். அந்த அடிப்பைத் தூண்டும் கடிகாரம் கிட்ஹப்பில் இருக்கக் கூடாது, வேறொரு தளத்தில் இருக்க வேண்டும்.